அனுமதிச் சீட்டும் அணுவிரதமும்

நம் சமூகத்தவர் நெடுங்காலமாக ஏரையும் எழுத்தாணியையும் நம்பி வாழ்ந்தவர்கள். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் இன்றும் நம்மவருள் உழுதுண்போர் பலர். ஆயினும் அண்மைத் தலைமுறையினர் பட்டம் பெற்று, தேர்வாணையத் தேர்வெழுதி, அரசுப் பணிகளில் அமர்ந்து வருகின்றனர். அவருள் விலங்கியலோ மீன்வள அறிவியலோ பயின்றவர் மீன்துறைக்குச் செல்வது இயல்பே. வருவாய்த் துறைக்குப் பணியாணை வந்தால் வீடு மகிழ்கிறது. மீன்துறைக்கு வந்தால் வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். அதிலும், மீன்பிடிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில், ஆய்வாளர்களையும் சார் ஆய்வாளர்களையும் மேற்பார்வையிடும் பதவி என்றால், கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்டவன் கொலைத் தொழிலுக்குக் கணக்கெழுதலாமா என்னும் வினா எழாமல் இராது.

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, அத்துறையின் நிழலும் நம்மீது படலாகாது என்பது. மற்றொன்று, அவ்வதிகாரி மீன்பிடிப்போரைத் தடுப்பவர்தாமே, ஆகவே அவர் செய்வது சீவதயை என்பது. முதல் விடை பெரியவர்களுடையது. இரண்டாவது விடை, வேலை கிடைத்த இளைஞருடையது. இரண்டும் விரைந்து கூறப்பட்டவை. அப்பணி யாது என்று பார்த்த பின்னரே நன்று தீது கூறுதல் முறை.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அடிப்படை 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். விசைப்படகுகள் பெருகிக் கரையோரக் கடலையும் துழாவத் தொடங்கியபோது கட்டுமரத்தாரின் வலைகள் அறுபட்டன. கடலிலும் கரையிலும் மோதல்கள் நிகழ்ந்தன. கரையை ஒட்டிய 3 கடல் மைல் பரப்பைச் சிறு கலத்தாருக்கு ஒதுக்கியது அச்சட்டம். ஆக, அது பிறந்தது மீனுக்கு இரங்கியன்று; மனிதருக்குள் மூண்ட பூசலைத் தணிக்கவே. பின்னர் மீனினத்தின் பெருக்கத்தைக் கருதிய விதிகள் சேர்ந்தன. 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2017-இல் அது 61 நாளாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் அத்தடை நிலவுகிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி கூடாது. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடிக்கு 2000-இல் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரு நாள் மட்டும், பகற்பொழுதில் அதனைப் பயன்படுத்த இடைக்கால இசைவு தந்தது. இழுவை மடியின் கடைப்பையில் கண்ணளவு குறுகியிருந்தால் குஞ்சுகளும் தப்பா. ஆகவே கண்ணளவுக்கும் விதி உண்டு.

இவ்விதிகளைக் காப்பவரே நாம் பேசும் அதிகாரி. துறைமுகத்தில் படகின் பதிவையும் உரிமத்தையும் சரிபார்ப்பது, இராமேசுவரம் போன்ற இடங்களில் கடலுக்குச் செல்லும் படகுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவது, வலையை அளப்பது, கடலில் சுற்றுவது, மீறியவர் மீது நடவடிக்கை எடுப்பது ஆகியன அவருக்குக் கீழுள்ளோர் செய்யும் வேலைகள். அவர் செய்வது பெரும்பாலும் ஆணையிடுவதும் கையெழுத்திடுவதும்தாம்.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசுக் கோப்புகளில் மீன் 'மீன்வளம்' என்றே வழங்குகிறது. காட்டுவளம், கனிமவளம் என்பது போல அதுவும் ஒரு வளம். நாம் ஐம்பொறியுடைய உயிர் என்று எண்ணுவதை அக்கோப்பு எடையாக எண்ணுகிறது. 61 நாள் தடையின் நோக்கம் சினைமீன் முட்டையிட்டுக் குஞ்சுகள் வளர்வது. வளர்வதன் நோக்கம் பின்னர்ப் பிடிபடுவது. ஜூன் 14 நள்ளிரவு கழிந்தவுடன் படகுகள் பனிக்கட்டி ஏற்றிப் புறப்படுகின்றன. ஆட்டை வளர்ப்பவன் சினையாட்டை விற்காமல் வைத்திருப்பதைச் சீவதயை என்று எவரும் கூறுவதில்லை. எனவே இளைஞரின் விடை நில்லாது. அவர் அப்பதவியில் அமரலாமா என்பது வேறு வினா. அமர்ந்தால் தம் பணிக்குச் சீவதயை என்னும் பெயரைச் சூட்டலாகாது என்பது மட்டும் உறுதி. தீமையைத் தீமையென்று அறிந்து செய்பவன் என்றேனும் அதனை விடுவான்; அதற்கு அறத்தின் பெயரைச் சூட்டியவன் விடுவதற்கு வழியில்லை.

இனிப் பெரியவர்களின் விடையை ஆராய்வோம். இம்சை என்பது தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகைப்படும் என்பதும், ஒவ்வொன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழ்வதால் ஒன்பதாக விரியும் என்பதும் நம் பாடசாலைச் சிறுவரும் அறிந்தவை. நம் அதிகாரி தம் கையால் மீனைத் தொடுவதில்லை. எனவே முதல் வகை இல்லை. அவர் எவரையும் மீன்பிடிக்கச் சொல்வதுமில்லை. அனுமதிச் சீட்டு ஏவல் அன்று. ஏற்கெனவே புறப்பட்டு நிற்பவனுக்கு எந்நாளில், எவ்வலையுடன், எங்குச் செல்லலாகாது என்று வரம்பு கட்டும் சீட்டு. அதிகாரி இல்லையெனில் அவன் கரையில் நிற்கப் போவதில்லை, வரம்பின்றிச் செல்வான். இவ்வாறு வாதிட்டால் இரண்டாம் வகையிலிருந்தும் அவர் ஒருவாறு விலகி நிற்கலாம். மூன்றாவதாகிய உடன்பாடே கடினமானது. கையெழுத்து என்பது உடன்பாட்டின் வடிவம் அல்லவா?

இதற்கு நம் முன்னோர் வகுத்த இல்லறப் படிகளே விளக்கம் தருகின்றன. சிராவகருக்குரிய படிமைகள் பதினொன்று. அவற்றுள் எட்டாவது ஆரம்பத் தியாகம். தொழில் முயற்சிகளை விடுதல். பத்தாவது அனுமதித் தியாகம். உலகியற் காரியங்களுக்கு இசைவு தருவதையும் விடுதல். இசைவு தருவதை விடுவது பத்தாம் படியில் வைக்கப்பட்டிருப்பதால், அதற்குக் கீழுள்ள படிகளில் நிற்பவன் தன் கடமையின் பொருட்டு இசைவு தருபவனாக இருப்பான் என்பதை ஆசிரியர்கள் அறிந்தே இருந்தனர் என்பது பெறப்படும். அவனுக்கு அது குற்றமில்லை என்று அவர்கள் கூறவில்லை. அது இன்னும் ஏறாத படி என்றனர். அணுவிரதம் என்னும் பெயரிலேயே அந்தச் சிறுமையும் அந்த நேர்மையும் உள்ளன.

ஆதிநாதர் உலகினருக்குக் கற்பித்த அறுவகைத் தொழில்களுள் அசியும் மசியும் முதலில் நிற்கின்றன. வாளும் மையும். மீன்துறை அதிகாரியின் பதவியில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. அரசனின் வாளை ஏந்துவோனுக்கும் அணுவிரதம் உண்டென்று நம் நூல்கள் ஏற்கும்போது, கண்ணளவு அளக்கும் கோலை ஏந்துவோனுக்கு இல்லையெனல் பொருந்தாது.

இவ்விடத்தில் சற்று வேறு ஒன்றையும் கூற வேண்டும். மீன்துறை என்றவுடன் முகஞ்சுளிக்கும் நாம் நம் வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்தைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? அதுவும் சங்கற்பித்துச் செய்யும் கொலையே. புழுவைக் கொல்ல வேண்டும் என்று எண்ணி, கடைக்குச் சென்று, விலை கொடுத்து வாங்கி, நீரில் கலந்து தெளிக்கிறோம். ஏர் உழும்போது மண்ணில் மடிவனவற்றை இதனோடு சேர்த்துப் பேச முடியாது. பிறர் தொழிலைத் தராசில் வைப்பதற்கு முன் இதனையும் நினைப்பது நன்று.

உழவனையும் வலைஞனையும் ஒருங்கே வைத்துப் பேசியவர் 10-ஆம் நூற்றாண்டினராகிய சோமதேவ சூரி. தம் யசஸ்திலகத்தில் இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்குமிடத்து, வலையில் ஒன்றும் சிக்காத நாளிலும் வலைஞன் பாவத்தை ஈட்டுகிறான் என்றும், உழுகையில் உயிர்கள் மடிந்தும் உழவன் அவ்வாறு ஈட்டுவதில்லை என்றும், வேறுபாடு எண்ணத்தில் உள்ளதென்றும் அவர் கருதுகிறார். உமாசுவாமிகளும் மயர்வோடு கூடிய முனைப்பால் உயிரைப் பிரித்தலையே இம்சை என வரையறுத்தார். மாவினாற் செய்த கோழியைப் பலியிட்ட அரசனின் பிறவித் தொடரைப் பாடும் யசோதர காவியம் நம் வீடுகளில் வாசிக்கப்படுவதும் இக்கருத்தை மறவாமைக்கே.

இந்த அளவுகோலைக் கொண்டு அதிகாரியை அளந்தால் விடை எளிதாகிவிடும் என்று எண்ண வேண்டா. அவருடைய எண்ணம் கொல்வதன்று. ஆகவே குற்றமில்லை என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அப்பணியில் ஒரு முள் இருக்கிறது. விதி மீறிய படகில் கைப்பற்றப்படும் மீன் அழுகும் பொருளாதலின் அதனை ஏலம் விட்டு, தொகையை அரசுக் கணக்கில் செலுத்துவது நடைமுறை. அந்நேரத்தில் அதிகாரி கடலுக்கு வரம்பு கட்டுபவராக நிற்கவில்லை; புலால் விற்பவராக நிற்கிறார். வாங்குவோர் உள்ளமையாலேயே கொலை நிகழ்கிறது என்று புலால் மறுத்தலைப் போதிக்கும் நாம், விற்போர் வரிசையில் நம்மவர் ஒருவர் நிற்பதை எவ்வாறு நோக்குவது?

மேற்பார்வையாளருக்கு இங்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. தாம் விலகி நின்று, சார் ஆய்வாளர் ஒருவரை ஏலத்தை நடத்தச் சொல்லிவிடலாம். கை கறைபடாது, அன்றிரவு மன நிறைவோடு உறங்கலாம். எம் கருத்தில் இதுவே அப்பதவியின் மிகத் தாழ்ந்த செயல். தான் செய்வதற்கு அஞ்சுவதைத் தனக்குக் கீழுள்ளவனைக் கொண்டு செய்வித்தல் செய்வித்தல் என்னும் இரண்டாம் வகையில் நேராக வந்து விழுகிறது. அதனோடு மாயமும் சேர்கிறது. துறையின் பணி முறைப்படி எவருக்கு உரியதோ அவர் செய்வது வேறு. விரதத்தைக் காட்டித் தன் பங்கைப் பிறன் தலையில் ஏற்றுவது வேறு. தமக்குரிய ஏலமாயின், மேலதிகாரிக்குத் தம் நிலையை எழுத்தில் கூறி மாற்றுப் பணி கேட்பது நேர்மை. கிடைக்கவில்லையெனில் முன்னின்று நடத்தி, அதனைத் தம் குற்றக் கணக்கில் எழுதிக்கொள்வதும் நேர்மையே.

சோமதேவர் கூறும் மற்றொரு கதை மிருகசேனன் என்னும் வலைஞனுடையது. அவந்தி நாட்டில் சிப்ரை ஆற்றங்கரையில் வாழ்ந்தவன். வலையோடு செல்லும் வழியில் யசோதர முனிவரைக் கண்டு வணங்கி விரதம் வேண்டுகிறான். முனிவர் அவனைத் தொழிலை விடச் சொல்லவில்லை. அன்று வலையில் முதலாவதாக வரும் உயிரை விட்டுவிடு என்றார், அவ்வளவே. முதலில் ஒரு பெரிய மீன் வந்தது. அடையாளத்துக்குத் துணியைக் கட்டி நீரில் விட்டான். மறுபடி வீசினான், அதே மீன் வந்தது. ஐந்து முறை வீசி ஐந்து முறையும் அம்மீனையே விடுவித்தான். வெறுங்கையோடு திரும்பியவனை மனைவி வீட்டுக்குள் விடவில்லை. புறத்தே படுத்தவன் அன்றிரவே பாம்பு தீண்டி மாண்டான். மறுபிறவியில் ஐந்து முறை சாவினின்றும் காக்கப்பட்டான் என்று கதை தொடர்கிறது.

இக்கதையைக் கூறுவோர் மறுபிறவிப் பயனையே விரித்துரைப்பர். முனிவர் கேட்ட விரதத்தின் அளவு வியப்புக்குரியது. ஒரு மீன். வலைஞனால் இயலக்கூடியது எவ்வளவு என்று அறிந்து, அவ்வளவே கேட்டார். 61 நாள் தடையும் பார்வைக்கு இவ்வாறான சிறு அளவுதான். ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மிருகசேனன் தானே ஏற்றான். ஐந்தாம் முறை அவனைத் தடுக்க ஆற்றங்கரையில் எவரும் இல்லை. விசைப்படகுத் தொழிலாளி ஏற்கவில்லை, அவன்மீது ஏற்றப்பட்டது. எனவே 61 நாளும் அவன் கடலுக்குச் செல்லாததனால் அவனுக்கு விரதப் பயன் இல்லை என்று நாம் கூறுவோம். அங்ஙனமாயின் அதிகாரி செய்வது யாது? பிறரைப் பட்டினியில் அமர்த்திவிட்டு அதனை உபவாசம் என்று அழைப்பது போன்றதா?

அவ்வாறும் முடிவு கட்டலாகாது. சோழமண்டலக் கரையின் மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து கூடி, தீங்கு விளைக்கும் வலையை எவரும் பயன்படுத்தலாகாது என்று தாமே தடை விதித்த வழக்கம் உண்டு. சட்டம் அங்குச் சென்றது வெற்றிடத்துக்கு அன்று. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பகிர்ந்துகொண்ட ஏற்பாடும் கடலோரத்தார் பழகியதே. தாமே ஏற்ற அடக்கம் சிலரால் மீறப்படும்போது ஏற்றவர்களே ஏமாளிகளாகின்றனர். அவர்களை அந்நிலைக்கு ஆளாக்காமல் காப்பது அதிகாரியின் வேலை. அவர் எவருக்கும் விரதத்தைத் தர இயலாது. பிறர் ஏற்ற விரதம் பயனற்றுப் போகாமல் பார்த்துக்கொள்ள இயலும். இது சீவதயை அன்று; நீதி. நீதியும் இல்லறத்தானுக்குரிய அறமே.

நீதி என்று கூறியதும் எம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். புலாலுண்ணாத ஒருவர் மீனவர் மீது அதிகாரம் பெறும்போது நேரக்கூடிய தீங்கு மீனுக்கு அன்று, மனிதருக்கு. சிறு வயது முதல் மீன் நாற்றத்தைக் கண்டு மூக்கைப் பொத்தி வளர்ந்தவர் துறைமுகத்துக்குள் நுழைகிறார். எதிரில் நிற்பவன் கொலையாளி என்று உள்ளம் கூறுகிறது. சட்டத்தின் கோலும் கையில் இருக்கிறது. வலையின் கண்ணளவு சிறிது குறைந்தாலும் மகிழ்ச்சியோடு வழக்கெழுதத் தோன்றும். அவ்வெறுப்புக்கு அகிம்சை என்று பெயர் சூட்டிக்கொள்வதும் எளிது. நம் நெறியின்படி அது துவேஷம். கஷாயங்களுள் தலையாயதாகிய சினத்தின் மகவு. ஒரு மீனையும் தொடாமலே அவர் இம்சையில் மூழ்கியிருப்பார். சோமதேவரின் வலைஞன் வெறும் வலையோடு திரும்பியதைப் போல.

விதியை மீறுவோர் எல்லாரும் ஒருதன்மையர் அல்லர். தடைக் காலத்தில் விசைப்படகின் கூலியாளுக்கு வருவாய் நின்றுவிடுகிறது. அரசு தரும் நிவாரணம் 2024-இல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு அது எத்தனை நாள் அரிசிக்கு வரும் என்று இல்லறத்தார் எவரும் கணக்கிடலாம். குறுங்கண் வலையில் அரிக்கப்படும் குஞ்சு மீன்கள் மனிதர் உணவாகவும் பயன்படாமல் கோழித் தீவனத்துக்கென்று அரைக்கப்படுவதுண்டு; அதில் பொருளீட்டுவோர் வேறு. சிறு கலத்தானிடம் கோலை ஓங்குவது எளிது, அவன் மறுத்துப் பேசான். பெரும்படகின் உரிமையாளரிடம் செல்லும்போதுதான் தொலைபேசி மணி ஒலிக்கும். எந்தப் பக்கம் முதலில் செல்கிறார் என்பதிலேயே அதிகாரியின் அத்தேய விரதமும் சத்திய விரதமும் தெரிந்துவிடும். கையூட்டு வாங்கும் அதிகாரி புலால் உண்ணாதவராக இருப்பதனால் நமக்கு என்ன பெருமை?

எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தில் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் கருணை, நெறி பிறழ்ந்தோரிடத்து நடுவுநிலை என நான்கு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. நெறி பிறழ்ந்தோருக்கென்று வெறுப்பை அது வைக்கவில்லை. அபராதம் விதிக்கும் கை நடுவுநிலையோடு விதிக்க வேண்டும். அக்குடும்பத்தின் அடுப்பை எண்ணும் உள்ளம் கருணையோடு எண்ண வேண்டும். இரண்டும் ஒரே நாற்காலியில் ஒரே வேளையில் நிகழ வேண்டியிருப்பதே அப்பதவியின் கடுமை. மீனை எடையாகக் காணும் கோப்பில் மனிதனும் வழக்கு எண்ணாகிவிடுவது விரைவில் நிகழ்ந்துவிடும்.

கோப்பின் கணக்கில் வளமென்று எழுதப்படாத உயிர்களும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவை மடிக்குள் அகப்பட்டால் மேலே வந்து மூச்சு விட இயலாமல் நீருள்ளேயே மூச்சடைத்து மாள்கிறது. அதனைப் பிடிக்க வேண்டும் என்று எவரும் வலை வீசவில்லை, விற்கவும் இயலாது. மடியில் கம்பித் தடுப்பும் ஒரு திறப்பும் பொருத்தினால் ஆமை வெளியேறிவிடும். மீனும் ஓரளவு வெளியேறும் என்பதால் பலர் பொருத்துவதில்லை. இங்கு அதிகாரியின் ஆணை ஓர் உயிரைப் பிறகு பிடிப்பதற்காக அன்றி, உயிராகவே விடுவிக்கிறது. முன்னர் மறுத்த அப்பெயரை இவ்வொரு பணிக்கு அவர் சூட்டிக்கொண்டால் நாம் மறுக்க மாட்டோம்.

ஆகவே, பணியாணையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் இளைஞருக்கு எம் விடை இது. அணுவிரதியாக நிற்பவர் ஏற்கலாம். மேற்படிமைகளை நோக்கிச் செல்ல உறுதி பூண்டவர் ஏற்க வேண்டா. ஏற்றவரும் அவ்வுறுதி தோன்றும் நாளில் விலகலாம். பெரியவர்கள் அவரை வாயிற்படியிலேயே நிறுத்திவிட வேண்டா. ஏற்றவர் மாலைதோறும் பிரதிக்கிரமணத்தில் அமரும்போது, அன்று கடலுக்குச் சென்ற படகுகள் இத்தனை, தாம் கையெழுத்திட்டவை இத்தனை, ஏலத்தில் சென்றது இவ்வளவு, கடிந்து பேசியது இவரிவரை என்று ஒவ்வொன்றாக எண்ணட்டும். துறையின் பெயரால் நிகழ்ந்தது என்று எதனையும் ஒதுக்கி வைக்க வேண்டா. ஜூன் 15 மாலை அந்தக் கணக்கு சற்று நீளும்.